லெவல் பண்ணுவது என்றால் மேலேயா, கீழேயா?

வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ஒரு வாசகர் 'லெவல்' என்ற ஆங்கில வினைச்சொல்லுக்குத் தமிழ் கேட்டிருந்தார். 'சமப்படுத்து' என்று ஒரே வரியில் பதில் போட்டுவிட்டு நான் பாட்டுக்கு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். நீங்கள் விடுவதாயில்லை. வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான். சரி, இந்த இதழ் முழுக்க அந்த ஒரு சொல்லுக்கே.

கேள்வி: சமப்படுத்துவதாம்! ஆங்கில நாளிதழில் ஒரே நாளில் மூன்று இடத்தில் பார்த்தேன். குண்டுவீச்சில் ஒரு தெருவையே 'லெவல்' பண்ணிவிட்டார்கள். எதிர்க்கட்சித் தலைவர் ஓர் அமைச்சர் மீது ஊழல் குற்றச்சாட்டை 'லெவல்' பண்ணினார். கால்பந்தில் தோற்றுக்கொண்டிருந்த அணி 81-ஆவது நிமிடத்தில் 'லெவல்' பண்ணியது. இதில் எதைச் சமப்படுத்தினார்கள்? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: மூன்றும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள்தான் சார். தாய் யாரென்றால் தராசு. லத்தீனில் லிப்ரா என்றால் தராசு. ராசிபலன் பக்கத்தில் துலாம் ராசிக்கு ஆங்கிலத்தில் லிப்ரா என்று போட்டிருப்பார்களே, அதேதான். பவுண்டு எடையை எல்.பி. என்று சுருக்கி எழுதுவதைப் பார்த்து, பவுண்டில் எல் எங்கே இருக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் நான் ரொம்ப நாள் குழம்பியிருக்கிறேன். அது லிப்ராவின் எல். பவுண்டு பணத்தின் குறியும் குறுக்கே கோடு போட்ட எல்தான்.

லிப்ராவின் குட்டிக்கு லிபெல்லா என்று பெயர், அதாவது சின்னத் தராசு. ரோமானியக் கொத்தனார்களிடம் ஒரு கருவி இருந்தது. ஆங்கில எழுத்து ஏ மாதிரி ஒரு மரச்சட்டம், உச்சியிலிருந்து நூலில் ஒரு குண்டு தொங்கும், நூல் குறுக்குச் சட்டத்தின் நடுக்கோட்டில் வந்து நின்றால் அந்த இடம் மட்டம். அந்தக் கருவிக்கும் லிபெல்லா என்றே பெயர். அது பழைய பிரெஞ்சில் லிவெல் ஆகி, 14-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குக் கருவியின் பெயராகவே வந்து சேர்ந்தது. அடுத்த நூற்றாண்டில் வினைச்சொல்லாகவும் ஆகிவிட்டது. (பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் சொல்லின் முதல் எழுத்தையே மாற்றி நிவோ ஆக்கிக்கொண்டார்கள், பிரெஞ்சு படித்த புதுச்சேரி வாசகர்களுக்குத் தெரிந்திருக்கும்.)

இனி உங்கள் நாளிதழுக்கு வருவோம். தெருவை லெவல் பண்ணியது நம் 'தரைமட்டம்'தான், தமிழிலும் அதே கதை. கால்பந்தில் கோல் கணக்கு சமமானது, அதுவும் நேர்ப்பொருள். நீங்கள் சொன்ன 81-ஆவது நிமிடத்தில்தான் 2022 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் எம்பாப்பே 2-2 ஆக்கினார். (அப்புறம் 3-3 வரை போய், கடைசியில் பெனால்டியில் அர்ஜென்டினா ஜெயித்தது.)

குற்றச்சாட்டுதான் சுவாரஸ்யமானது. துப்பாக்கியைத் தரைக்கு இணையாகப் பிடித்துக் குறி பார்ப்பதை ஆங்கிலத்தில் லெவல் பண்ணுவது என்பார்கள். நாம் துப்பாக்கியை 'நீட்டினான்' என்று சொல்கிற இடத்தில் அவர்கள் மட்டம் பார்க்கிறார்கள். பிற்பாடு துப்பாக்கி இருந்த இடத்தில் குற்றச்சாட்டு வந்து உட்கார்ந்துகொண்டது. எனவே அமைச்சர் மீது லெவல் பண்ணியதில் சமத்துவம் மருந்துக்கும் இல்லை, குறி மட்டும்தான் இருக்கிறது. என் 'சமப்படுத்து' அங்கே செல்லாது, ஒப்புக்கொள்கிறேன். அமைச்சர் மீது குற்றச்சாட்டைச் சமப்படுத்தினார் என்று எழுதினால் கூட்டணி பேசி முடித்துவிட்டார்கள் போலிருக்கிறது என்றுதான் நினைப்பார்கள்.

(தராசு என்றதுமே 'சமன்செய்து சீர்தூக்கும் கோல்' குறளை எடுத்து நீட்டி அஞ்சலட்டை போடக் கிளம்பியவர்கள் கொஞ்சம் உட்காரலாம். எனக்கும் ஞாபகம் இருக்கிறது.)

கேள்வி: இங்கிலாந்து வரலாற்றில் 'லெவலர்கள்' என்று ஒரு கூட்டம் வருகிறது. அவர்கள் எதை லெவல் பண்ணினார்கள்? தேர்வுக்காகக் கேட்கவில்லை, உண்மையிலேயே ஆர்வம். (கல்லூரி மாணவி, திருநெல்வேலி)

பதில்: தேர்வுக்காக இல்லை என்று சொன்னதற்கே கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன் அம்மா.

முதலில் லெவல் பண்ணியது வேலியை. 1607-இல் இங்கிலாந்தின் நடுப்பகுதி மாவட்டங்களில், ஊருக்குப் பொதுவாக இருந்த மேய்ச்சல் நிலங்களையெல்லாம் பண்ணையார்கள் வேலி போட்டு வளைத்துக்கொண்டிருந்தார்கள், பெரும்பாலும் ஆட்டுக்காக. கம்பளி நல்ல விலைக்குப் போகிற காலம். ஊர் ஜனங்கள் கிளம்பிப் போய் வேலியைப் பிடுங்கி, அகழியை மண் போட்டு மூடி, நிலத்தைப் பழையபடி மட்டமாக்கினார்கள். அவர்களைத்தான் லெவலர் என்று சொன்னார்கள். தலைவர் ஜான் ரெனால்ட்ஸ் இடுப்பில் ஒரு பை வைத்திருப்பார், அதனால் 'கேப்டன் பவுச்' என்று பட்டப்பெயர். என் பையில் இருப்பது உங்களை எந்த ஆபத்திலிருந்தும் காக்கும் என்று ஜனங்களிடம் சொல்லியிருந்தார். பிடித்துச் சோதனை போட்டபோது பையில் இருந்தது ஒரு துண்டு பச்சைப் பாலாடைக்கட்டி! ஆளைத் தூக்கில் போட்டுவிட்டார்கள்.

நாற்பது வருஷம் கழித்து, மன்னர் முதலாம் சார்லஸைப் போரில் தோற்கடித்த நாடாளுமன்றப் படைக்குள்ளேயே ஒரு சண்டை. இவ்வளவு ரத்தம் சிந்திய சிப்பாய்க்கு ஓட்டு உண்டா, கிடையாதா? 1647 அக்டோபர் 28 முதல் லண்டனை ஒட்டிய பட்னியில், தேம்ஸ் கரை தேவாலயத்தில், உட்கார்ந்து விவாதித்தார்கள். கர்னல் தாமஸ் ரெயின்ஸ்பரோ எழுந்து, இங்கிலாந்திலேயே பரம ஏழைக்கும் பெரிய மனிதனைப் போலவே வாழ ஓர் உயிர் இருக்கிறது, ஆகவே தன் சம்மதம் இல்லாத அரசுக்கு அவன் கட்டுப்பட்டவன் இல்லை என்கிற மாதிரிப் பேசினார். எதிர்த் தரப்பில் படைத்தளபதி ஐரெட்டன், நிலம் நீச்சு இல்லாதவனுக்கு ஓட்டுக் கொடுத்தால் நாளைக்கு நிலத்தையே கேட்பான் என்றார். ஓட்டு கேட்டவர்களுக்குத்தான் லெவலர் என்ற பழைய பெயரைச் சூட்டினார்கள், வசையாக. வேலியை இடித்த மாதிரி எல்லோர் சொத்தையும் இடித்துச் சமமாக்கிவிடுவார்கள் என்று பயமுறுத்தத்தான்.

இவர்களுக்கோ அந்தப் பெயர் பிடிக்கவே இல்லை. அவர்களின் தலைவர்களில் ஒருவரான ஜான் லில்பர்னும் இன்னும் மூன்று பேரும் 1649 ஏப்ரலில் லண்டன் டவர் சிறையிலிருந்தே அறிக்கை விட்டார்கள், சொத்தைச் சமமாகப் பங்கு போடுவது எங்கள் நோக்கமே இல்லை என்று. வேடிக்கை என்னவென்றால் அதே மாதம் சர்ரேயில் ஜெரார்ட் வின்ஸ்டன்லி என்பவர் ஒரு சின்னக் கூட்டத்தோடு போய்ப் பொதுநிலத்தைக் கொத்தி, காரட்டும் அவரையும் விதைத்து, நாங்கள்தான் 'உண்மையான லெவலர்கள்' என்றார். ஒரு பக்கம் வேண்டாம் என்று உதறிய பெயருக்கு இன்னொரு பக்கம் போட்டி!

முடிவு நல்லதாக இல்லை. 1649 மே மாதம் கலகம் செய்த சிப்பாய்களை நாடாளுமன்றப் படைத் தளபதி கிராம்வெல் பர்ஃபர்ட் என்ற சிற்றூரில் மடக்கி, முந்நூறு பேருக்கு மேல் அங்கிருந்த தேவாலயத்துக்குள் அடைத்துவைத்து, 17-ஆம் தேதி மூன்று பேரை அதன் சுவர் ஓரமாக நிறுத்திச் சுட்டார்கள். மற்றவர்கள் அதைப் பார்க்க வேண்டும். உள்ளே கிடந்தவர்களில் ஒருவர் அங்கிருந்த ஞானஸ்நானத் தொட்டியின் ஈயத் தகட்டில் தன் பெயரைக் கீறி வைத்திருக்கிறார். 'ஆண்டனி செட்லி, 1649, கைதி.' கைதி என்பதற்கான ஆங்கிலச் சொல்லில் ஓர் எழுத்து விட்டுப்போயிருக்கிறது. இன்றைக்கும் போனால் பார்க்கலாம்.

கேள்வி: 'ஐ வில் ட்ரை மை லெவல் பெஸ்ட்' என்று லீவ் லெட்டரில் எழுதலாமா? (அரசு ஊழியர், விழுப்புரம்)

பதில்: எழுதலாம், இந்தியா முழுக்க எழுதுகிறார்கள். 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்கப் பேச்சுவழக்கு, ஊர்ஊராகச் சுற்றி நம் அலுவலகக் கோப்பில் வந்து தங்கிவிட்டது. ஆனால் லீவ் லெட்டரில் எதற்கு முயற்சி? லீவை எடுங்கள்.

கேள்வி: என் மகனுக்குப் பன்னிரண்டு வயது. கேமில் 'லெவல் அப்' ஆகிவிட்டேன் என்கிறான், காலையில் எழுந்து பல் தேய்த்தாலும் 'லெவல் அப்' என்கிறான். சமம் என்ற சொல்லுக்கு மேலே போவது என்று எப்படி அர்த்தம் வந்தது? (இல்லத்தரசி, ஈரோடு)

பதில்: பல் தேய்த்ததற்கு நீங்களும் பாராட்டியிருக்கலாம்.

இந்தச் சொல்லில் ஒரு ஓட்டை இருக்கிறது. இரண்டைச் சமமாக்கு என்று சொல்லும், எந்த உயரத்துக்கு என்று சொல்லாது. ஒருவரை மேலே ஏற்றினாலும் லெவல், மற்றவரைக் கீழே இறக்கினாலும் லெவல். இதை வைத்து 18-ஆம் நூற்றாண்டிலேயே ஒருவர் குறும்பு செய்திருக்கிறார், அகராதி எழுதிய சாமுவேல் ஜான்சன். கேத்தரின் மெக்காலே என்ற வரலாற்றாசிரியர் மனிதர் எல்லோரும் சமம் என்ற கொள்கையுடையவர். அவர் வீட்டுக்கு விருந்துக்குப் போன ஜான்சன், நானும் இன்று முதல் உங்கள் கட்சிதான் அம்மணி, அதனால் இதோ நிற்கிறாரே உங்கள் பணியாளர், அவரும் நம்மோடு மேஜையில் உட்கார்ந்து சாப்பிடட்டும் என்றாராம். அதற்கப்புறம் அந்த அம்மாவுக்கு என்னைக் கண்டாலே ஆகவில்லை என்று 1763-இல் நண்பர் பாஸ்வெல்லிடம் சொல்லிச் சிரித்துவிட்டு, உங்கள் லெவலர்கள் மேலே இருப்பவர்களைத் தங்கள் மட்டத்துக்கு 'லெவல் டவுன்' பண்ணுவார்களே தவிர, கீழே இருப்பவர்கள் தங்கள் மட்டத்துக்கு 'லெவல் அப்' ஆவதைப் பொறுக்க மாட்டார்கள் என்றார். சாமர்த்தியமான பேச்சுதான், மறுக்கவில்லை. ஆனால் இந்தக் கதையை எத்தனை தடவை படித்தாலும் எனக்கு உறுத்துவது, இதில் அந்தப் பணியாளருக்கு ஒரு வசனம்கூட இல்லை என்பதுதான்.

ஆக அப், டவுன் என்று ஒட்டுப் போட்டால்தான் திசை தெரியும். பிரிட்டனில் இந்த 'லெவல் அப்' சமீபத்தில் ஓர் அமைச்சகமாகவே ஆனது. லண்டன் பக்கம் பணம் குவிகிறது, வடக்கு பின்தங்குகிறது, யாரையும் இறக்காமல் பின்தங்கியவர்களை மட்டும் ஏற்றுவோம் என்று போரிஸ் ஜான்சன் 2019 தேர்தலில் பேசினார். 2021 செப்டம்பரில் வீட்டுவசதித் துறையின் பெயரிலேயே அதைச் சேர்த்தார்கள். 2024 ஜூலையில் ஆட்சி மாறியதும் முதல் வேலையாகப் பெயர்ப்பலகையிலிருந்து அதை எடுத்துவிட்டார்கள். யாரும் கீழே இறங்க வேண்டாம், எல்லோரும் மேலே வரலாம் என்பது மேடையில் கேட்க நன்றாகத்தான் இருக்கும்.

உங்கள் மகனுடையது வேறு வழி. 1974-இல் அமெரிக்காவில் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்று, காகிதமும் பென்சிலும் பகடையும் வைத்து ஆடும் விளையாட்டு ஒன்று வெளியானது. அதில் அரக்கனைக் கொன்றால் அனுபவப் புள்ளி, புள்ளி சேர்ந்தால் உங்கள் ஆள் அடுத்த லெவலுக்குப் போவான். அதைப் பார்த்துத்தான் கணினி விளையாட்டுகளும் படி வைத்தன. இங்கே லெவல் என்பது மாடிப்படி. பக்கத்து வீட்டுப் பையன் ஒன்பதாவது படியில், உங்கள் மகன் பதினொன்றாவதில். பக்கத்தில் இருப்பவரோடு சமமாக நிற்பதற்கு ஏற்பட்ட சொல், அவரைத் தாண்டிப் போவதற்கு ஆகிவிட்டது! நம் 'வேற லெவல்' மட்டும் என்னவாம்? ஒருத்தர் நம்மோடு சமமில்லை என்பதுதானே அதன் பாராட்டே.

கேள்வி: எங்கள் அமெரிக்க மேலாளர் 'லெவல் வித் மீ' என்று மெயில் அனுப்பினார். எனக்குச் சம்பளம் உயர்த்தி அவருக்குச் சமமாக்கப் போகிறாரா? (ஐ.டி. ஊழியர், சென்னை சோழிங்கநல்லூர்)

பதில்: ஆசை இருக்கட்டும். 'மறைக்காமல் உள்ளதைச் சொல்' என்று கேட்கிறார். 1920-களை ஒட்டிப் பரவிய அமெரிக்கப் பேச்சு அது. வழவழவென்று எழுதாமல், வேலை முடியாது என்றால் முடியாது என்று பதில் போடுங்கள். நம் ஊரில் அதற்கு 'மனசத் தொட்டுச் சொல்லு' என்போம், மெயிலில் அல்ல, டீக்கடையில்.

கேள்வி: தமிழில் மட்டம் என்றால் சமம், மட்டமான சரக்கு என்றால் மோசம், மட்டந்தட்டினால் அவமானம், பள்ளிக்கு மட்டம் போட்டால் உதை. ஆங்கிலேயனைச் சொல்வானேன்? (ஓய்வுபெற்ற ஆசிரியர், மன்னார்குடி)

பதில்: ஐயா, வாயடைக்க வைத்துவிட்டீர்கள். யோசித்துப் பார்த்தால் மட்டம் பார்க்கிறவன் கை முதலில் மேட்டைத்தான் தொடுகிறது. படியில் அரிசி அளந்தால் மேலே குவிந்ததைக் கையால் வழித்துத் தலைதட்டுகிறோம். குறைகிற படியை யாரும் மட்டம் தட்டுவதில்லை. நீங்கள் டெல்டாக்காரர், பரம்படிப்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். உழுது தண்ணீர் கட்டிய சேற்றில் பரம்புப் பலகையை இழுத்தால் மேட்டுச் சேறு வழிந்து பள்ளத்துக்குப் போகும், தண்ணீருக்கு மேலே எங்காவது திட்டு தலைநீட்டினால் அங்கே நடவு தேறாது, இன்னொரு சுற்று இழுக்க வேண்டும். அதற்கு 'நிரவுவது' என்று அருமையான சொல் நம்மிடம் இருக்கிறது. எடுத்ததைப் பக்கத்திலேயே கொடுத்துவிடுகிற சொல். போன இதழில் நான் 'நிரவு' என்று எழுதியிருக்க வேண்டும். இப்போது லேசர் லெவலர் கட்டிய டிராக்டர் வந்துவிட்டது, அதுவும் செய்வது நிரவல்தான்.

கேள்வி: பாலிடெக்னிக்கில் சிவில் படிக்கிறேன். சர்வே வகுப்பில் 'லெவலிங்' என்று வெயிலில் நிற்க வைக்கிறார்கள், ஆனால் ஒரு பிடி மண்ணைக்கூட நாங்கள் நிரவவில்லை. பிறகு ஏன் அந்தப் பெயர்? (மாணவர், கரூர்)

பதில்: உங்கள் துறையில் மட்டும் அந்த வினைக்கு அளப்பது என்று பொருள், மாற்றுவது என்று இல்லை. டம்பி லெவலை, அதாவது மட்டம் பார்க்கும் தொலைநோக்கியை, முக்காலியில் நிறுத்தி, குமிழை நடுவுக்குக் கொண்டுவந்தால் ஒரு கிடைக்கோடு கிடைக்கிறது, அந்தக் கோட்டிலிருந்து எந்த இடம் எவ்வளவு தாழ்வு என்று ஸ்டாஃபில், அதாவது அளவு குறித்த கோலில், படிக்கிறீர்கள். மேடும் பள்ளமும் அப்படியே இருக்கும். அந்த டம்பி லெவல் 1832-இல் வில்லியம் கிராவட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் செய்தது. குட்டையாக இருந்ததால் அந்தப் பெயர். அடுத்த முறை ரயிலில் போகும்போது மஞ்சள் பெயர்ப்பலகையில் ஊர்ப் பெயருக்குக் கீழே எம்.எஸ்.எல். என்று ஓர் எண் இருக்கிறதா பாருங்கள். கடல்மட்டத்திலிருந்து அந்த நிலையம் எவ்வளவு உயரம் என்ற கணக்கு. உங்களை மாதிரி யாரோ வெயிலில் நின்றுதான் அது வந்தது.

கேள்வி: லெவலும் லெவியும் ஒன்றா? (வணிகர், விருதுநகர்)

பதில்: இல்லை. வரி விதிப்பதைக் குறிக்கும் லெவி 'தூக்கு, உயர்த்து' என்ற வேரிலிருந்து வந்தது, தராசுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஆனால் நம் அரசு 2016-இல் வெளிநாட்டு இணைய நிறுவனங்களுக்குப் போகும் விளம்பரப் பணத்தின் மீது 6 சதவீதம் போட்டபோது 'ஈக்குவலைசேஷன் லெவி' என்று பெயர் வைத்தது, அதாவது சமப்படுத்தும் வரி. உள்ளூர் நிறுவனம் வரி கட்டுகிறது, வெளியூர் நிறுவனம் கட்டவில்லை, அதைச் சரிக்கட்டத்தான். 2025 ஏப்ரல் 1 முதல் அது இல்லை.

கேள்வி: கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டத்தில் இருப்பது ரசமா? கடையில் வாங்கும்போது அது சரியாகக் காட்டுகிறதா என்று எப்படிப் பார்ப்பது? வீடு கட்டிக்கொண்டிருக்கிறேன். (வாசகர், ஒட்டன்சத்திரம்)

பதில்: பாதரசம் இல்லை. சாதாரணமாக ஆல்கஹால் மாதிரி ஒரு திரவம்தான், பார்க்கத் தெரியட்டும் என்று சாயம் கலந்திருப்பார்கள். ஆங்கிலத்தில் அதனால்தான் ஸ்பிரிட் லெவல். 1661 வாக்கில் தெவனோ என்ற பிரெஞ்சுக்காரர் உருவாக்கியது.

நீளமான இடத்துக்கு அதை நம்பாதீர்கள், டியூப் மட்டம்தான் சரி. எங்கள் வீட்டு மாடிக்குப் பார்த்தபோது மேஸ்திரி ஒரு தூணிலும் சித்தாள் எதிர்த் தூணிலும் தண்ணீர் ரொப்பிய குழாயின் முனைகளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். 'நிக்குதா?' 'ஆடுதுண்ணே.' 'இப்ப?' 'நின்னுடுச்சு.' உடனே இரண்டு பக்கமும் பென்சில் கோடு. குழாய்க்குள் எங்காவது காற்று மாட்டிக்கொண்டிருந்தாலோ நடுவில் யாராவது மிதித்துக்கொண்டு நின்றாலோ அந்தக் கோடு பொய். எல்லாம் அவ்வளவு சரியாகப் பார்த்தவர் குளியலறைத் தரையையும் கண்ணாடி மாதிரி மட்டமாகப் போட்டுக் கொடுத்துவிட்டார். அங்கே வேண்டியது மட்டம் இல்லை, வாட்டம். இன்று வரை வைப்பர் போட்டுத் தள்ளிக்கொண்டிருக்கிறோம். நீங்கள் கூடவே நின்று பாருங்கள்.

ரசமட்டத்தைச் சோதிப்பது சுலபம். மேஜையில் வைத்துக் குமிழ் எங்கே நிற்கிறது என்று பாருங்கள், அப்புறம் அதே இடத்தில் இடது வலதாகத் திருப்பி வையுங்கள். குமிழ் மேஜையின் அதே பக்கமாக, அதே அளவு தள்ளி நின்றால் மேஜை கோணலாக இருந்தாலும் கருவி சரி. 'லெவல்' என்று ஆங்கிலத்தில் எழுதித் திருப்பிப் படித்தாலும் விகடகவி மாதிரி அதே லெவல்தான் வரும், அப்படி ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். குமிழ் இடம் மாறினால் பில்லோடு கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.